மரத்தடியில் விழுந்த சூரியப் பிறைகள்

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று, வீட்டு மாமரத்தடியில் சிமெண்டுத் தரையெங்கும் பிறை பிறையாக வெளிச்சம் விழுந்ததாம். இலை இடுக்குகள் கோணல்மாணலாக இருக்க, வெளிச்சம் மட்டும் எப்படி ஒரே வடிவில் விழுந்தது என்பது அவர் கேள்வி.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அவருடைய ஏழு பாகப் பெருநூலான 'கிதாப் அல்-மனாஸிர்' எல்லோரும் சொல்வது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்த கருத்தை அது மறுத்தது. கடும் வெளிச்சத்தைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, அப்படியானால் ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்றார். எனக்கு அதைவிடப் பிடித்தது, கிரகணத்தின் வடிவம் பற்றிய அந்தச் சின்ன நூல்தான்.

அதன் விளக்கம் இது: இலை இடுக்கு போன்ற ஒரு துளையின் ஒவ்வொரு புள்ளியும் சூரியனின் முழுப் படத்தைத் தலைகீழாகத் தரையில் போடுகிறது. துளை சிறியதென்றால் அத்தனை படமும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்று விழும். பிறை பிறையாகவே இருக்கும். துளை பெரிதானால் படங்கள் விலகி விலகி விழுந்து, கடைசியில் துளையின் வடிவமே மிஞ்சும். தீபாவளிக்குக் கோல அச்சை நகர்த்தி நகர்த்தி மாவைத் தட்டினால் பூ கலைந்து வெறும் திட்டாகிவிடுமே, அதுபோல. மூன்று மீட்டர் உயரத்து இடுக்கு போடும் சூரியப் படம் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடுக்கு அதைவிட நன்றாகச் சிறியதாக இருந்தால் போதும், அதன் கோணல் மறைந்துவிடும். துளை எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் இப்னு அல்-ஹைதம் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறைநிலா மட்டும் துளை வழியே இப்படித் தெரியவில்லையே என்றும் கேட்டார்.

வாசகி பார்த்த அந்த 2019 கிரகணம் அரபு நாட்டில் தொடங்கி, கோவை, திருச்சி, யாழ்ப்பாணம் வழியாக நம் ஜொகூர் முனை வரை வளையமாகத் தெரிந்தது. கிரகண நேரத்தில் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கோயில் நடை சாத்துவது அவரவர் வழிபாடு. அதில் எனக்குக் குறையில்லை. பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பதுதான் மனத்தை வருத்துகிறது. வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது, சரி. சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, ஊசித்துளையிட்ட அட்டையால் தரையில் பிறை விழவைத்துப் பார்க்க என்ன தடை?

2031 மே 21 அன்று அடுத்த வளைய கிரகணம் தென்னிந்தியாவைக் கடந்து மலேசியாவுக்கு வருகிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, அன்று ஆளுக்கொரு அட்டை கொடுத்துப் பிள்ளைகளை வெளியே அழைத்து வாருங்கள்.