இலண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்?

இலண்டன், பாரிஸ் ஆகிய மாநகரங்களுக்கு இடையேயுள்ள நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 344 கிலோமீற்றர். மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கவல்ல விமானத்துக்கு இஃது அரை மணிப் பயணமே என எண்ணத் தோன்றும். நேர அட்டவணையோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி என்கிறது. எஞ்சிய நேரம் எங்கே போயிற்று?

விமானம் முதலில் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லவேண்டும். பின்னர் மேலெழுந்து உரிய உயரத்தை அடையவேண்டும். முழு வேகத்திற் சிறிது தூரம் பறந்ததும் இறங்கத் தொடங்கிவிடவேண்டும். பாதையும் நேர்கோடன்று. ஆகவே, குறுகிய பயணத்தில் தூரத்தை வேகத்தால் வகுத்தால் சரியான விடை கிட்டாது.

1919ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் இந்நகரங்களுக்கிடையே நாளாந்த விமான சேவை தொடங்கியபோது, ஒரேயொரு பயணியுடன் சென்ற சிறு விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. 1994இல் கடலடிச் சுரங்கவழியே பயணிகள் புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. இன்று அது நகர் நடுவிலிருந்து நகர் நடுவுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மணியிற் சென்றடைகிறது. விமானப் பயணியோ நகர்ப்புறத்து நிலையத்துக்குச் செல்லவேண்டும், சோதனைகளுக்குக் காத்திருக்கவேண்டும், இறங்கியபின் மீண்டும் நகரை நாடவேண்டும். இவற்றையெல்லாம் கூட்டினால், விரைவுடையதே பிந்திவிடுதலும் உண்டு.

கடிகாரமும் நம்மை மயக்கும். பாரிஸ் நேரம் இலண்டன் நேரத்துக்கு ஒரு மணி முந்தியது. இலண்டனிற் பத்து மணிக்குப் புறப்பட்டவர் பாரிஸ் சேரும்போது அங்கே பன்னிரண்டேகால். பாரிசிற் பத்து மணிக்குப் புறப்பட்டவரோ பத்தேகாலுக்கே இலண்டனில் இறங்குவார்!

எனவே, தூரத்தை மட்டுமன்றி, வீட்டு வாயில் தொடங்கிச் சேருமிடத்து வாயில்வரை ஆகும் நேரத்தையும் கணக்கிடுபவரே பயணத்தை அறிந்தவராவார்.