புருவம் எவ்வளவு தூரம் தெரியும்?

நல்ல அபிநயம் பார்த்துவிட்டு அரங்கிலிருந்து வெளியே வருகிறவர்கள் சொல்லும் பாராட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: “உருகி உருகி ஆடினாங்க.” ஆடுகிறவர் மனத்தில் உணர்ச்சி பொங்கியது, அது முகத்தில் வழிந்தது, நமக்கும் தொற்றிக்கொண்டது என்ற எண்ணம் இந்தப் பாராட்டுக்குள் இருக்கிறது. மைசூர் அரசவையில் வளர்ந்த அபிநய முறையைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இந்த வரிசை அப்படியே தலைகீழாகிவிடும். அங்கே முகம் என்பது பல ஆண்டுகள் பழக்கி எடுத்த ஒரு கருவி. அந்தக் கருவியை எவ்வளவு அசைக்க வேண்டும் என்பதை, பார்ப்பவர் எத்தனை அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்பது தீர்மானித்தது. உணர்ச்சியைவிடத் தசைக்கும் தூரத்துக்கும் அதிகம் கடன்பட்ட கலை அது. இப்படிச் சொன்னால் அதன் மதிப்புக் குறையாது, கூடும் என்பதே என் கட்சி.

மைசூர் முறை தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானதல்ல. நட்டுவனார் சகோதரர்களான தஞ்சை நால்வரில் மூத்தவரான சின்னையா, மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் அவைக்குப் போய்ச் சேர்ந்தவர். இளையவர் வடிவேலு திருவிதாங்கூருக்குப் போனதைப் பேசும் அளவுக்கு நாம் இதைப் பேசுவதில்லை. தஞ்சையிலிருந்து போன ஆட்டம் மைசூரில் கன்னட ஜாவளிகளோடும், வீணை சேஷண்ணாவைப் போன்றவர்களின் இசையோடும், அமரு சதகம் முதலான வடமொழிச் செய்யுள்களோடும் சேர்ந்து வேறொரு நிறம் பெற்றது. அந்த நிறத்துக்கு அடையாளமாக நின்றவர் ஜட்டி தாயம்மா (1857–1947). அவருடைய தந்தை ஒரு மல்லர். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த நடனக் கலைஞர் ராகினி தேவிகூட அவரிடம் பாடம் கேட்டார். தாயம்மாவின் மாணவி கே. வெங்கடலட்சம்மா 1906-இல் கடூர் பக்கத்தில் லம்பாணி மக்களின் குடியிருப்பான தாண்டா ஒன்றில் பிறந்தவர். எட்டு வயதில் தாயம்மாவிடம் சேர்ந்தார். 1939-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அவரை ஆஸ்தான விதுஷி, அதாவது அரசவைக் கலைஞர், ஆக்கினார். 1965-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நடனத் துறை தொடங்கியபோது அதன் முதல் ரீடர் அவரே. 1992-இல் பத்மபூஷண், 2002-இல் மறைவு. தாண்டாவில் தொடங்கி, அரண்மனை வழியாகப் பல்கலைக்கழகம் வரை வந்த வாழ்க்கை. தாயம்மா, வெங்கடலட்சம்மா என்ற இரண்டே பேரின் ஆயுள், 1857-இல் தொடங்கி நம் நூற்றாண்டு வரை வந்துவிடுகிறது. வாய்வழிக் கலைக்கு இதைவிடக் குறுகிய சங்கிலி கிடைப்பது அரிது.

இந்த முறையில் அபிநயத்தை உட்கார்ந்தபடியே செய்வதும், ஆடுகிறவரே பாடிக்கொள்வதும் வழக்கமாக இருந்தன. காலுக்கு வேலை இல்லை, சலங்கையின் துணை இல்லை. இடுப்புக்கு மேலே இருப்பதை வைத்துக்கொண்டே அவையைக் கட்ட வேண்டும். ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் வேறொரு கருத்தை விரிப்பதற்குச் சஞ்சாரி என்று பெயர். சென்னையின் பாலசரஸ்வதி புகழ்பெறச் செய்த ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ ஒரு கன்னடப் பாட்டு. தமிழ் மேடையின் ஆகப் பெரிய அபிநயம் என்று பலரும் சொல்வது கன்னடத்தில் இருக்கிறது என்பது தனிச் சுவை. “சீக்கிரம் வா” என்று குழந்தையை அழைக்கும் பாட்டு அது. இப்படி ஒரு பாட்டில் தாய் பொய்க்கோபம் கொள்ளும் இடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். புருவம் இரண்டும் நடுவில் நெருங்கி நெற்றி சுருங்குகிறது, அங்கே கோபம். உதட்டின் ஓரம் மட்டும் மேலே ஏறப் பார்க்கிறது, அதை அவள் அடக்குகிறாள், அங்கே சிரிப்பு. முகத்தின் மேல்பாதி குழந்தைக்கு ஒன்று சொல்கிறது, கீழ்ப்பாதி நமக்கு வேறொன்று சொல்கிறது. குழந்தை அந்தக் கோபத்தை நம்பவில்லை என்பது அடுத்த கணம் அவள் கண் இறங்கும் விதத்தில் தெரிகிறது. சுட்டுவிரல் அதற்கப்புறம்தான் எழுகிறது. எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நொடி.

அந்த இரண்டு மூன்று நொடி எவ்வளவு கடினம் என்பதை உடற்கூறு சொல்லும். கை, கால் தசைகள் பெரும்பாலும் எலும்பிலிருந்து எலும்புக்குப் போகின்றன. முகத்தசைகளில் பல தோலிலேயே போய் முடிகின்றன. அதனால்தான் முகத்தோல் இவ்வளவு நுணுக்கமாக மடிகிறது. முகத்தின் கீழ்ப்பாதியைப் பெரும்பாலும் மூளையின் எதிர்ப்பக்கம் ஆள்கிறது. நெற்றிக்கும் புருவத்துக்கும் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. பக்கவாதம் வந்தவர்களுக்கு வாய் ஒருபுறம் கோணினாலும் இரண்டு புருவத்தையும் உயர்த்த முடிவது இதனால்தான். ஒற்றைப் புருவத்தைத் தனியே தூக்கப் பழக்கம் இல்லாதவர்கள் திணறுவதற்கும் இதையே காரணமாகச் சொல்கிறார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே நோயாளியை “சிரியுங்கள்” என்றால் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும். நகைச்சுவை ஒன்றைச் சொன்னால் இரண்டு பக்கமும் சிரித்துவிடும். வேண்டுமென்றே செய்யும் சிரிப்புக்கும் தானாக வரும் சிரிப்புக்கும் மூளையில் பாதை வேறு. 1862-இல் துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்து, மனமாரச் சிரிக்கும்போது இயங்கும் கண்ணோரத் தசை சொன்னபடி எளிதில் கேட்காது என்று எழுதினார். ஆடுகிறவர் எல்லாவற்றையும் சொன்னபடி கேட்கும் பாதைக்குக் கொண்டுவந்தாக வேண்டும். பொய்க்கோபத்திலோ மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் தனித்தனியே ஓட்ட வேண்டும். தற்செயலாகப் பொங்குகிற உணர்ச்சி இந்த வேலையைச் செய்து கொடுக்காது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் முழங்கை எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் கைத்தசைகளுக்குள் நீட்சியை அளந்து மூளைக்குச் சொல்லும் உணர்விகள் இருக்கின்றன. முகத்தசைகளில் இத்தகைய உணர்விகள் மிகக் குறைவு. ஆகவே தன் முகம் இப்போது என்ன காட்டுகிறது என்பது மனிதருக்குத் துல்லியமாகத் தெரிவதில்லை. புகைப்படத்தில் நம் முகத்தைப் பார்த்து நாமே திடுக்கிடுவது சும்மா அல்ல. அடவைத் தானாகவே வீட்டில் ஓரளவு திருத்திக்கொள்ளலாம். அபிநயத்தை அப்படித் திருத்திக்கொள்ள முடியாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து, “கண் முந்திவிட்டது, கழுத்து பிந்திவிட்டது” என்று சொல்ல வேண்டும். கண்ணாடி உதவாதா என்றால், கண்ணாடியைப் பார்க்கும் கண் வேறெங்கும் போக முடியாது. அபிநயத்தில் பாதி வேலையே கண் போகும் திசையில் இருக்கிறது. அபிநய தர்ப்பணம் என்ற நூல் எட்டுப் பார்வைகளையும் நான்கு கழுத்தசைவுகளையும் ஒன்பது தலையசைவுகளையும் பட்டியலிடுகிறது. நாட்டிய சாஸ்திரத்தில் பார்வை மட்டும் முப்பத்தாறு. பட்டியல் நூலில் இருக்கிறது, செய்முறை ஆசிரியரின் கண்ணில் இருக்கிறது. அந்த இரண்டு பேர் சங்கிலியின் மதிப்பு இதில்தான்.

இனி தூரத்துக்கு வருவோம். கண் மருத்துவர் “6/6” என்று எழுதினால், ஆறு மீட்டர் தள்ளியிருக்கும் எழுத்தில் ஏறத்தாழ 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோட்டை அந்தக் கண் பிரித்தறிகிறது என்று பொருள். முப்பது மீட்டருக்குப் போனால் அதே கண்ணுக்கு ஒன்பது மில்லிமீட்டருக்குக் குறைந்தது பிடிபடாது. மென்மையான புருவ அசைவு சில மில்லிமீட்டர்தான். அரண்மனைக் கூடத்தில் சிறு அவைக்கு முன்னால் உட்கார்ந்து செய்தபோது அது முழுதாகப் போய்ச் சேர்ந்தது. அதைவிடப் பெரிதாகச் செய்திருந்தால் விகாரமாகத் தெரிந்திருக்கும். தூரம் கூடியபோது வேறு கலைகள் வேறு வழிகளைத் தேடின. ஐரோப்பியப் பாலே, அடுக்கடுக்கான மாடங்கள் கொண்ட பெரிய அரங்குகளில் வளர்ந்தது. மேல்மாடத்தில் இருப்பவருக்கு முகம் தெரியாது என்பதால் அது சேதியைக் கைக்கும் காலுக்கும் மாற்றிவிட்டது. முகத்தைச் சுற்றிக் கையை வட்டமிட்டால் அழகு, தலைக்கு மேல் இரு கைகளையும் சுழற்றினால் நடனம், மோதிர விரலைத் தொட்டால் திருமணம். அன்னா பாவ்லோவா சாகும் அன்னமாக ஆடியபோதும் அன்னத்தின் துயரம் பெரும்பாலும் கைகளில்தான் இருந்தது. கதகளி எதிர்த்திசையில் போனது. முகத்தையே பெரிதாக்கியது: தாடையைச் சுற்றி வெள்ளைச் சுட்டி, முகத்தில் பச்சை, கண்ணிமைக்குள் சுண்டப்பூ விதை வைத்துச் சிவக்கவைத்த விழி. சிவந்த விழியில் கருமணியின் அசைவு எடுப்பாகத் தெரியும். மைசூர் அபிநயத்தில் மை தவிர இப்படி எந்தப் பெருக்கமும் இல்லை. ஆடுகிறவரின் முகமும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரசிகரும் மட்டுமே அதற்கு மூலதனம். துல்லியமாகச் சொன்னால், நிலையான கோட்டைப் படிப்பதைவிட அசைவைப் பிடிப்பதில் நம் கண் கெட்டிக்காரத்தனம் காட்டும். ஆகவே பின்வரிசைக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லமாட்டேன். ஏதோ நடந்தது என்று தெரியும். என்ன நடந்தது என்பது தெரியாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாம் தசைப் பயிற்சி என்றால் மிமிக்ரிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? வியர்ப்பது, மயிர்க்கூச்செறிவது, கண்ணீர் வருவது போன்ற எட்டுச் சாத்விக பாவங்களைச் சாஸ்திரமே தனியாக வைத்திருக்கிறதே, அவற்றைத் தசைக்குக் கட்டளையிட்டு வரவழைக்க முடியுமா? முடியாதுதான். ஆனால் அதே மரபின் நூலான அபிநய தர்ப்பணம் சொல்லும் புகழ்பெற்ற வரிசை கையில் தொடங்கி, கண் வழியாக மனத்துக்குப் போய், அதற்கப்புறமே பாவத்துக்கும் ரசத்துக்கும் வருகிறது. மனம் நடுவில் இருக்கிறது, முதலில் இல்லை. 1983-இல் உளவியலாளர் பால் எக்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் நடிகர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல், “புருவத்தை இறக்குங்கள், மேலிமையை உயர்த்துங்கள், உதட்டை இறுக்குங்கள்” என்று தசை தசையாக மட்டும் சொன்னார்கள். கோப முகம் அமைந்தபோது இதயத் துடிப்பும் விரலின் வெப்பமும் ஏறின. இத்துறையில் பிற்கால ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவில்லை, முகத்தை அமைத்தால் உணர்ச்சி எவ்வளவு வரும் என்பதில் சண்டை ஓயவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தும் உடல் முன்னே போக மனம் பின்னே வருவது நடக்கக்கூடியதே என்ற அளவுக்குச் சான்று இருக்கிறது. மேடையில் கண்ணீர் விடுகிறவர்களைச் சற்று ஐயத்தோடு பார்க்கலாம் என்றே நினைக்கிறேன். கண்ணீர் வந்தபின் அடுத்த சஞ்சாரிக்கு முகம் உடனே கையில் கிடைக்காது. மை கரைவது வேறு கதை.

இன்னொரு மறுப்பு நடைமுறையைச் சார்ந்தது. இப்போதுதான் பெரிய திரை வந்துவிட்டதே, கடைசி வரிசைக்கும் புருவம் ஒரு கஜம் அகலத்துக்குத் தெரிகிறதே என்பார்கள். தெரிகிறது, ஆனால் யாரோ தேர்ந்தெடுத்த பிறகு தெரிகிறது. கேமரா முகத்துக்குப் போனால் கை வெட்டுப்படும், கைக்குப் போனால் கண் போய்விடும்; கை, கண், மனம் என்ற அந்த வரிசையே அறுந்துவிடும். சத்யஜித் ராய் 1976-இல் எடுத்த ‘பாலா’ படத்தில் அந்தக் கிருஷ்ணன் பாட்டைக் கடற்கரையில் வைத்துப் படமாக்கினார். ராயைப் போன்ற ஒருவர் எடுத்தும், காற்றும் அலையும் விரிந்த வானமும் பாலசரஸ்வதியின் முகத்தோடு போட்டி போடுகின்றன. தசரா நாள்களில் மைசூர் அரண்மனைக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் உட்காரும் திறந்தவெளி மேடைக்கும் இதே சிக்கல். அங்கே ஜதிகளும் குழு ஆட்டமும் அழகாக எடுபடும். ஜாவளி எடுபடாது. அது ஆடுகிறவரின் குறையாகாது.

மூன்றாவதாக, இது ராஜாவுக்கும் நாலு பிரபுக்களுக்கும் காட்டிய சிருங்காரம்தானே, மக்களாட்சிக் காலத்தில் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. மைசூர் அரசே 1909-இல், தான் நிர்வகித்த முஜராய் கோயில்களில் தேவதாசிப் பணியை நிறுத்தியது. அதே நகரின் அரண்மனையில் ஆட்டம் தொடர்ந்தது. இந்தக் கலையைக் காத்த பெண்களுக்கு அந்தச் சமூகம் மரியாதையை அளந்து அளந்துதான் கொடுத்தது. ஆனால் சிறிய அவை என்பது பிரபுக்களின் சொத்தாகவே இருக்க வேண்டும் என்று விதி இல்லை. லம்பாணிப் பெண் ஒருவர் அதைப் பல்கலைக்கழக வகுப்பறைக்குக் கொண்டுபோனார். அவரிடம் அபிநயம் கற்ற லலிதா ஸ்ரீநிவாசன் பெங்களூரில் ‘நூபுர’ பள்ளியில் மைசூர் ஜாவளிகளைக் கற்பித்தார். எண்பது நாற்காலி போட்ட பள்ளிக்கூடக் கூடம் போதும், அரசர் தேவையில்லை.

ஆகவே நடன விழா நடத்தும் சபாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பதமும் ஜாவளியும் உள்ள நிகழ்ச்சிகளில் ஒன்றையாவது நூறு பேருக்கு மேல் கொள்ளாத கூடத்துக்கு மாற்றுங்கள், ஆடுகிறவரை உட்கார்ந்து ஆடச் சொல்லுங்கள், மேடை வெளிச்சத்தை அடிக்கடி மாற்றாமல் விடுங்கள். பார்க்கப் போகிறவர்கள் முதல் நான்கைந்து வரிசைக்குள் இடம் பிடியுங்கள். ஒரே அடி இரண்டாம் முறை வரும்போது கையை விட்டுவிட்டுப் புருவத்தை மட்டும் பாருங்கள், மூன்றாம் முறை உதட்டோரத்தை மட்டும் பாருங்கள். சீட்டு அரங்கின் பின்பாதியில் கிடைத்தால் அன்று தில்லானாவுக்காகப் போங்கள்.