ஒரே முகம்... ஐந்து கொசு!

'கொசுன்னா கொசுதானே டாக்டர்... இதுல வகை என்ன வேண்டிக்கிடக்கு?'

குளிர்காய்ச்சல் என்று வருகிறவர்கள் பலரும் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். சித்த மருத்துவத்தில் சுரத்தை 64 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார் யூகி முனிவர். தொட்டுப் பார்த்தால் எல்லாம் ஒரே சூடுதான்! ஆனால், வகை தெரியாமல் மருந்து கொடுத்தால் பலிக்காது. கொசு விஷயமும் அப்படித்தான்.

மலேரியாக் கிருமி கொசுவின் உடம்பில் வளர்கிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். மனிதர்களுக்கு மலேரியாவைக் கொண்டுவருவது அனாபிலிஸ் இனத்துப் பெண் கொசு. நம் நாட்டுக் கிராமங்களில் இந்த வேலையைப் பெருமளவு செய்வது 'அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸ்' என்ற கொசு. பெயர் வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள். 'கிராமத்து மலேரியாக் கொசு' என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் கொசு விஞ்ஞானிகளை ஒரு காலத்தில் ரொம்பவே குழப்பியது. மேற்கு உத்தரப்பிரதேசத்திலும் இதே கொசு, மலேரியாவும் உண்டு. கிழக்கு உத்தரப்பிரதேசம், வட பீகார் பக்கமும் இதே கொசு, ஆனால் மலேரியா மிகக் குறைவு. அது எப்படி?

பூச்சரமும் குரோமோசோமும்

விடை கொசுவின் குரோமோசோமில் இருந்தது. நமக்கு 23 ஜோடி குரோமோசோம்கள். இந்தக் கொசுவுக்கு மூன்றே ஜோடிதான். ரத்தம் குடித்து, முட்டை பாதி முதிர்ந்த நிலையில் இருக்கும் பெண் கொசுவின் சூலகத்தில், முட்டைக்குத் தீனி கொடுக்கும் செல்கள் உண்டு. அவற்றில் குரோமோசோம் பல மடங்கு பெருகி, பிரியாமல் ஒன்றோடொன்று ஒட்டி, தடித்த கயிறு மாதிரி ஆகிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாக வரி வரியாகத் தெரியும்.

இப்போது ஒரு பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று வரிசையாகத் தொடுத்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு துண்டை வெட்டி, அதையே தலைகீழாகத் திருப்பி வைத்துக் கட்டினால்? பூக்கள் அதேதான், வரிசை மட்டும் மாறிவிடும். இந்தக் கொசுக்களின் குரோமோசோமிலும் அப்படித்தான் சில துண்டுகள் தலைகீழாகத் திரும்பியிருந்தன.

இதில் ஆச்சரியம் என்ன தெரியுமா? ஒரே ஊரில், ஒரே மாட்டுக்கொட்டகையில் பிடித்த கொசுக்களில் சிலவற்றுக்கு ஒரு வரிசை, சிலவற்றுக்கு வேறு வரிசை. இரண்டும் கலந்த கொசுவைக் காணோம்! அதாவது, பக்கத்திலேயே இருந்தும் அவை ஒன்றோடொன்று இணைசேர்வதில்லை. அப்படியானால் அவை வேறு வேறு இனங்கள்தானே? 1980-ல் 'ஏ', 'பி' என்று இரண்டைப் பிரித்தார்கள். 1983-ல் 'சி', பிறகு 'டி'.

'பி' கொசு பெரும்பாலும் மாட்டையே நாடும். கிருமியும் அதன் உடம்பில் சரியாக வளர்வதில்லை. 'ஏ' அப்படியல்ல, மலேரியாவை நன்றாகவே பரப்பும். கிழக்கே இருந்தது 'பி' என்று தெரிந்ததும் குழப்பம் தீர்ந்தது.

ராமேஸ்வரத்தில் வந்த சிக்கல்

ஆனால், நம்ம ராமேஸ்வரத்தில் கதை மாறியது. அங்கே சவுக்குத் தோப்புகளில், செடிக்கு ஊற்றத் தோண்டிய நீர்க்குழிகளில் இந்தக் கொசு வளர்ந்தது. குரோமோசோம் வரிகளைப் பார்த்தால் 'பி' கொசு. 'பி' என்றால் மலேரியா இருக்கக்கூடாதே? ஆனால் தீவில் மலேரியா இருந்தது!

கடைசியில் ஆண் கொசுவுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம்தான் உண்மையைச் சொன்னது. பிடித்த பெண் கொசுக்களை முட்டையிடச் செய்து, பிறந்த ஆண் கொசுக்களின் ஒய் குரோமோசோமைப் பார்த்தார்கள். 'பி' கொசுவில் அதன் 'இடுப்பு' ஓரத்தில் இருக்கும். மலேரியாக் கிருமி இருந்த தாய்க்கொசுக்களின் பிள்ளைகளுக்கோ இடுப்பு சற்று நடுப்பக்கமாக இருந்தது. 1999-ல் இதற்கு 'ஈ' என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாவது கொசு!

இதே புதிர் கடலுக்கு அந்தப் பக்கமும் இருந்தது. 1934-35-ல் இலங்கையில் 80 ஆயிரம் பேர் வரை மலேரியாவுக்குப் பலியானார்கள். பரப்பியது இதே கிராமத்துக் கொசுதான். ஆனால், பின்னாளில் குரோமோசோமைப் பார்த்தவர்கள் அங்கே இருப்பது 'பி' என்றே சொல்லிவந்தார்கள். ராமேஸ்வரத்துக்குப் பிறகு தேடியதும் அங்கேயும் 'ஈ' அகப்பட்டது. விடாமல் போராடிய இலங்கை, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று பெற்றுவிட்டது.

நமக்கு இதனால் என்ன?

வகை தெரியாமல் மருந்தடித்தால் காசும் வீண், கொசுவும் மருந்துக்குப் பழகிவிடும். அதை அரசு பார்த்துக்கொள்ளும். நாம் செய்யவேண்டியவை இவை:

* சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது 'ஸ்டீஃபென்சி' என்ற வேறொரு அனாபிலிஸ். இது சாக்கடையில் அல்ல, மொட்டைமாடித் தொட்டி, கிணறு போன்ற நல்ல தண்ணீரில் முட்டையிடும். தொட்டிக்கு இடுக்கில்லாத மூடி போடுங்கள்.

* இந்தக் கொசுக்கள் பொழுது சாய்ந்த பிறகுதான் கடிக்கும். கொசுவலைதான் நல்ல காவல்.

* குளிரும் நடுக்கமுமாகக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. குழந்தைகள், கர்ப்பிணிகள் விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது.

* மலேரியா என்று தெரிந்தால் டாக்டர் சொன்ன நாள் முழுக்க மாத்திரை சாப்பிடுங்கள். ஒரு வகைக் கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்தும் திரும்ப வரும்.

'நிலவேம்புக் கஷாயம் குடித்தால் போதாதா?' என்று கேட்கிறீர்களா? சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: மலேரியா மாத்திரைக்குக் கஷாயம் மாற்று ஆகாது. வகையறிந்து வைத்தியம் பார்க்கச் சொன்னவர்கள்தானே நம் சித்தர்கள்!