500 கோடின்னா எத்தனை பேர்?



இந்த வார எபிசோடில் பாக்ஸ் ஆபீஸ் கணக்கைப் பத்தி ரெண்டு நிமிஷம்தான் பேச முடிஞ்சது. மிச்சத்தை இங்க எழுத்தில் சொல்லிடறேன்.

போன மாசம் அக்கா வீட்டில் சாப்பிடும்போது ஒரு சண்டை. அக்கா மகனுக்கு 17 வயசு, லண்டனில் பிறந்து வளர்ந்தவன். "மாமா, உங்க ஆள் படம் 400 கோடி, எங்க ஆள் படம் 600 கோடி. மேட்டர் ஓவர்"னான். எனக்கு ரெண்டு கான்ட்ராக்டுக்கு நடுவில் ஒரு வாரம் லீவு. படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். சும்மா இருக்க முடியுமா? பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுத உக்காந்தேன். எல்லாப் படத்தோட வசூலையும் எடு, டாலருக்கு மாத்து, வரிசைப்படுத்து. அரை மணி நேர வேலைன்னு நினைச்சேன். ரெண்டு நாள் ஓடிப்போச்சு. கோடில் தப்பே இல்லை. டேட்டாவில்தான் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் யூனிட் ஒண்ணா இல்லை.

எந்த 'வசூல்'?

ஒரு டிக்கெட்டை மட்டும் எடுத்துப் பாப்போம். இந்தியாவில் 100 ரூபாய்க்கு மேல போற டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நீங்க 118 ரூபாய் கொடுத்தா அது 'கிராஸ்'. வரி போக 100 ரூபாய், அது 'நெட்'. அதில் தியேட்டர்காரர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வர்றது 'ஷேர்'. மல்டிபிளெக்ஸில் முதல் வாரம் அது ஏறக்குறைய பாதி, அப்புறம் வாரா வாரம் குறையும். ஆக ஒரே டிக்கெட்டுக்கு 118, 100, 50 னு மூணு நம்பர். இந்திப் பட வட்டாரத்தில் நெட் சொல்றது பழக்கம், தென்னிந்தியாவில் கிராஸ். ரெண்டையும் ஒரே பட்டியலில் போட்டா யார் முன்னாடின்னு எப்படிச் சொல்றது?

போதாக்குறைக்கு, இந்தியாவில் இதை அதிகாரபூர்வமா எண்ணிச் சொல்ற பொது அமைப்பு கிடையாது. தயாரிப்பாளர் போஸ்டரில் ஒரு நம்பர், டிராக்கர்கள் சொல்றது வேற நம்பர். என் ஸ்கிரிப்டுக்கு ஒரே படத்துக்கு நாலு இடத்தில் நாலு பதில் வந்தது.

பணத்தை எண்ணும் நாடு, ஆளை எண்ணும் நாடு

தென் கொரியாவில் கதையே வேற. அங்க தியேட்டர்களின் டிக்கெட் மெஷின் எல்லாம் ஒரே அரசு நெட்வொர்க்கில் இணைஞ்சிருக்கு. பேரு கோபிஸ். எத்தனை டிக்கெட் வித்ததுன்னு யார் வேணும்னாலும் பாக்கலாம். அங்க ஒரு படம் ஹிட்டான்னு கேட்டா பணத்தைச் சொல்ல மாட்டாங்க, தலையை எண்ணிச் சொல்வாங்க. 2014ல் வந்த 'தி அட்மிரல்: ரோரிங் கரன்ட்ஸ்' படத்துக்கு 1 கோடியே 76 லட்சம் டிக்கெட். (கோடி குழப்பினா: 1 கோடின்னா 10 மில்லியன்.) நாட்டோட மக்கள்தொகையே அப்ப ஏறக்குறைய 5 கோடிதான்!

பிரான்ஸும் அப்படித்தான். 2008ல் வந்த ஒரு ஊர்ப்பக்கத்து காமெடி, 'பியென்வென்யூ ஷே லே ஷ்தி', 2 கோடிக்கும் மேல டிக்கெட் வித்தது. டாலர் பட்டியலில் அது ஹாலிவுட் படங்களுக்குக் கீழே எங்கயோ இருக்கும். பிரான்ஸில் கேட்டா, அது வீட்டுக்கு வீடு பாத்த படம்.

இப்ப நம்ம கணக்குக்கு வருவோம். ஒரு பவுண்டு 110 ரூபாய்னு வைங்க. லண்டனில் 15 பவுண்டு டிக்கெட், அதாவது 1,650 ரூபாய். தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வச்சிருக்கு, அதனால சென்னையில் ஒரு டிக்கெட் 165 ரூபாய்னு எடுத்துக்கலாம். பட்டியலில் நீங்க ஒருத்தர், சென்னையில் பத்துப் பேருக்குச் சமம். 'ஓவர்சீஸ் வசூல்'னு போஸ்டரில் மின்னுற நம்பர் பெரும்பாலும் கூட்டத்தின் அளவு இல்லை, டிக்கெட் விலையின் அளவு.

அந்த 15 பவுண்டிலும் 2.50 பவுண்டு இங்க அரசுக்குப் போற வாட் வரி. மிச்சத்தில் தியேட்டருக்கு ஒரு பங்கு. இந்தப் பங்கும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஒரு ஹாலிவுட் படம் 100 டாலர் வசூலிச்சா பாதி அளவுக்கு ஸ்டூடியோவுக்கு வரும். அதே படம் சீனாவில் 100 டாலர் வசூலிச்சா, 2012 ஒப்பந்தப்படி வருவாய்ப் பங்கு முறையில் போற படத்துக்கு 25 டாலர்தான். பட்டியலில் ரெண்டும் 100.

சாவிக்கு ஒரு காலக்கெடு

இன்னொரு சிக்கல், ஒரு படத்துக்கு ஓட எவ்வளவு நாள் கிடைக்குதுங்கறது.

ஃபிலிம் ரீல் காலத்தில் ஒவ்வொரு பிரிண்டுக்கும் காசு. அதனால குறைஞ்ச பிரிண்ட், பெரிய ஊரில் ஓடி முடிச்சு சின்ன ஊருக்குப் போகும். 100 நாள், வெள்ளி விழா எல்லாம் அந்த முறைக்குள்ள இயல்பா வந்தது. 2005ல் 'சந்திரமுகி' சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல ஓடுச்சு.

இப்ப படம் டிசிபின்னு ஒரு என்கிரிப்ட் பண்ண ஃபைல் தொகுப்பா வருது. அதைத் திறக்க கேடிஎம்னு ஒரு டிஜிட்டல் சாவி. இந்த சர்வரில் மட்டும், இந்தத் தேதி இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரைக்கும் மட்டும்தான் அது வேலை செய்யும். சாவி வரலைன்னா, ஹால் நிறைஞ்சு பாப்கார்ன் தீர்ந்தாலும் திரை இருட்டுதான். இந்த டெக்னாலஜியாலதான் சென்னையிலும் டொரொண்டோவிலும் ஆஸ்லோவிலும் ஒரே நாளில் ரிலீஸ் பண்ண முடியுது. ஆனா எல்லாரும் ஒரே வார இறுதியில் பாத்து முடிச்சிடறோம்.

அதுக்கு மேல ஓடிடி. அமெரிக்காவில் தியேட்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 90 நாள் இருந்தது. 2020ல் யுனிவர்சல், ஏஎம்சி தியேட்டர்களோட 17 நாள்னு ஒப்பந்தம் போட்டது. நம்ம 'மாஸ்டர்' 2021 ஜனவரி 13ல் தியேட்டர், 29ல் பிரைம் வீடியோ. இப்ப தமிழில் நாலு வாரம்ங்கறது வழக்கம். இந்திப் படத்துக்கு வட இந்திய மல்டிபிளெக்ஸ்கள் எட்டு வாரம் கேக்கறாங்க. அதனாலதான் 2023ல் 'லியோ'வோட இந்தி வடிவம் அங்க பெரிய மல்டிபிளெக்ஸ் சங்கிலிகளில் வரலை. 2025ல் 'தக் லைஃப்' எட்டு வாரம்னு அறிவிச்சு, ஜூன் 5ல் ரிலீஸாகி, ஜூலை 3லேயே நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துடுச்சு. பிரான்ஸில் இதையே ஒழுங்குமுறையா எழுதி வச்சிருக்காங்க. 2022 ஒப்பந்தப்படி நெட்ஃபிளிக்ஸ் 15 மாசம் காத்திருக்கணும்.

15 மாசம் வெளிய வராத படத்தையும் நாலே வாரத்தில் போன் திரைக்கு வர்ற படத்தையும் எப்படி ஒரே தராசில் வைக்கறது?

ஜப்பானைப் பாருங்க. 1995 'முத்து' அங்க 1998ல்தான் போச்சு. டோக்கியோ ஷிபுயாவில் ஒரு தியேட்டரில் மாசக்கணக்கா ஓடி, வாய்வழியாவே பரவுச்சு. இந்தியப் படங்களில் அந்தச் சாதனை 24 வருஷம் நின்னது. 2022ல் முந்தினது 'ஆர்ஆர்ஆர்', அதுவும் இந்திய ரிலீஸுக்கு ஏழு மாசம் கழிச்சுப் போய் மெதுவா ஓடின படம்தான்.

நமக்கு இதில் என்ன?

என் கதையைச் சொல்றேன். போன வருஷம் அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தாங்க. ஒரு சின்னப் படம், நல்ல பேரு. முதல் வார இறுதியில் எனக்கு வேலையில் ஒரு ரிலீஸ், ஆபீஸே கதின்னு கிடந்தேன். அடுத்த சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். அடுத்த சனிக்கிழமை ஆப்பைத் திறந்தா எங்க பக்கத்தில் ஒரு ஷோ கூட இல்லை. ஒரு மாசம் கழிச்சு வீட்டு டிவியில் போட்டேன். பாதியில் அம்மா மாவு ஆட்ட எழுந்து போயிட்டாங்க. "தியேட்டர்ல உக்கார வச்சிருந்தா முழுசா பாத்திருப்பேன்டா"ன்னாங்க. எந்த நாட்டுப் பட்டியலிலும் அம்மா ஒரு எண் இல்லை.

தியேட்டர்காரர் மேல கோபப்பட்டுப் பயனில்லை. வெளிநாட்டு உரிமையை வாங்கறவர் பல நேரம் முன்பணம் கொடுத்து வாங்கறார். அதை முதல் மூணு நாளில் எடுக்கப் பாக்கறார். பெரிய படத்துக்கு அது நடக்கும். சின்னப் படம் பரவ ரெண்டாவது வாரம் வேணும், அந்த வாரம்தான் அதுக்குக் கிடைக்கறதில்லை. '500 கோடி'ன்னு நாம ஷேர் பண்ணும்போது, முதல் வார இறுதிதான் சினிமாங்கற இந்தக் கணக்குக்கு நாமளும் கை தட்டறோம்.

பிரிட்டனில் இருக்கறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். பிஎஃப்ஐ ஒவ்வொரு வாரமும் வார இறுதி வசூல் அறிக்கை போடுது. தமிழ்ப் படமும் அப்பப்ப அதில் வரும். மொத்தத் தொகையை விடுங்க. மூணு விஷயம் பாருங்க: எத்தனை தியேட்டர், ஒரு தியேட்டருக்குச் சராசரி எவ்வளவு, போன வாரத்தை விட எவ்வளவு குறைஞ்சிருக்கு. 20 தியேட்டரில் நல்ல சராசரியோட வந்து, அடுத்த வாரம் கொஞ்சமா குறையற படம், 100 தியேட்டரில் வந்து ஒரே வாரத்தில் சரியற படத்தை விட ஆரோக்கியமானது. அப்புறம், பெரிய ஹீரோ படம் உங்களுக்காகக் காத்திருக்கும். சின்னப் படம் காத்திருக்காது, அதுக்கு முதல் வெள்ளிக்கிழமையே போங்க.

அக்கா மகனுக்கு ஸ்கிரிப்டைக் காட்டினேன். டாலர் வரிசையை எடுத்துட்டு, டிக்கெட் எண்ணிக்கை, ஓடின வாரம், ஓடிடி வந்த நாள்னு மூணு காலம் போட்டிருந்தேன். தமிழ்ப் படங்களுக்கு முதல் காலம் முழுக்கக் காலி. "அப்ப யாருதான் மாமா ஜெயிச்சா?"ன்னு கேட்டான். எண்ணவே இல்லையேடா, எப்படிச் சொல்றதுன்னேன். கொஞ்ச நேரம் திரையைப் பாத்துட்டு, இந்த வெள்ளிக்கிழமை வர்ற சின்னப் படத்துக்கு ரெண்டு டிக்கெட் போடச் சொன்னான்.

உங்க ஊரில் தமிழ்ப் படம் ரெண்டாவது வாரம் ஓடுதா? இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் ஊர் ஊரா வாசிக்கிறேன்.