உள்ளே போகும் எண், வெளியே வரும் எண்



இம்முறை பிள்ளைகளின் கணக்குப் பாடத்தைப் பற்றி எழுதுகிறோம். "நலன்புரிக்காரருக்கும் கணக்குப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது, பிறகு சொல்கிறோம்.

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகாஓயா என்று மலையிலிருந்து இறங்கிப் போகும் ஏ5 வீதி போய் முடிகிற இடம் செங்கலடி. மட்டக்களப்பு வாவிப் பக்கத்து ஊர், சுற்றிலும் வயல். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு வடக்கு கிழக்குப் பக்கம் போய்க் குடியேறிய நம்மவர்கள் பலர். நமக்கும் அங்கே ஒரு சின்னம்மா இருக்கிறார். தை மாதத்தில் ஒரு விசேஷத்துக்காகப் பதுளையில் பஸ் ஏறிப் போயிருந்தோம்.

சின்னம்மாவின் பேத்தி நாலாம் ஆண்டு படிக்கிறாள். திண்ணையில் ஒரு பெரிய பிஸ்கட் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டிருந்தாள். பெட்டிக்குப் பின்னால் அவளுடைய அண்ணன் உட்கார்ந்திருந்தான். "மாமா, ஒரு நம்பர் எழுதிப் போடுங்க. மெசின் என்ன செய்யுது எண்டு கண்டுபிடியுங்க பாப்பம்" என்றாள். பேச்சு முழுக்க மட்டக்களப்பாகி விட்டது!

ஒரு துண்டில் 3 என்று எழுதி இந்தப் பக்கம் போட்டோம். அந்தப் பக்கம் 7 வந்தது. "இது தெரியாதா? நாலைக் கூட்டுகிறது" என்றோம். பிள்ளை சிரித்தாள். "ஒருக்காப் போட்டுட்டுச் சொல்லப்படாது மாமா, மறுகாப் போடுங்க" என்றாள். 5 போட்டோம், 9 வர வேண்டுமே. வந்ததோ 11! 10 போட்டோம், 21 வந்தது. அப்போதுதான் புரிந்தது. போட்ட எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டித் தருகிறான் உள்ளே இருக்கும் பையன். நாற்பது வயது தாண்டியவரைச் சின்னப் பிள்ளை மடக்கி விட்டாள். ஆனால் அவள் சொன்னது பெரிய விஷயம். ஒரு சோடி எண்ணை மட்டும் பார்த்து விதியைச் சொல்ல முடியாது. 3 ஏழாவதற்குப் பல வழி இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது சோடி வரும்போதுதான் பொய்யான வழிகள் கழன்று போகும்.

அந்த வீட்டிலிருந்து பார்த்தால் ஒரு நெல் குற்றும் மில் தெரியும். நெல் மூட்டை ஒரு பக்கம் போகும், அரிசி மறுபக்கம் வரும். 100 கிலோ நெல்லுக்குச் சுமார் 65 கிலோ அரிசி, மிச்சம் உமியும் தவிடும். நம்முடைய ஸ்டோரும் இப்படித்தான். 100 கிலோ பச்சைக் கொழுந்து போனால் 21, 22 கிலோ தேயிலைதான் வெளியே வரும். கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டிலும் அடுப்பிலும் அது போய்விடுகிறது. ஆக, எண்ணை விழுங்கி எண்ணைத் துப்பும் மெசின் நம் பிள்ளைகளுக்குப் புதிது அல்ல. அது தினமும் சங்கு ஊதுகிறது.

நாம் படித்த காலத்தில் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடினோம். ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, நெல்லிலக்கம் என்று மனப்பாடம் செய்ததும் இதே வழிதான். அதைக் குறை சொல்லவில்லை, இன்றும் வாய்ப்பாடு வேண்டும். ஆனால் ஏன், எப்படி என்று யாரும் கேட்க விடவில்லை. 1999 முதல் நாடு முழுவதும் ஆரம்ப வகுப்புகளில் சீர்திருத்தம் வந்தபோது விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் சேர வேண்டும் என்றார்கள். பிள்ளை வீட்டில் பெட்டியை வைத்துக்கொண்டு விளையாடினால் "படிக்காமல் விளையாடுது" என்று அடிக்காதீர்கள். அது படிப்புத்தான்.

இதில் பிள்ளைகள் வழக்கமாக விடும் பிழை ஒன்று உண்டு. கொப்பியில் இப்படி எழுதியிருக்கும்: 1 போட்டால் 4, 2 போட்டால் 7, 3 போட்டால் 10. விதி என்ன என்று கேட்டால், பிள்ளை வெளியே வந்த எண்களை மட்டும் மேலிருந்து கீழே பார்த்து, "மூன்று மூன்றாகக் கூடுது" என்று சொல்லும். அது உண்மைதான், ஆனால் கேட்டதற்குப் பதில் அது இல்லை. திட்ட வேண்டாம். "சரி, 20 போட்டால் என்ன வரும்?" என்று கேளுங்கள். மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பிள்ளை களைத்துவிடும். அப்போது தானாகவே குறுக்கே பார்க்கும், போன எண்ணிலிருந்து வந்த எண்ணுக்கு எப்படிப் போவது என்று. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 61. இந்தக் குறுக்குப் பார்வைதான் பிறகு மேல் வகுப்பில் அட்சரகணிதம் என்று வருகிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இது கைகொடுக்கும்.

எழுத வாசிக்கத் தெரியாத அம்மாவும் இதை ஆடலாம். உங்கள் வயதையும் பிள்ளையின் வயதையும் எடுங்கள். பிள்ளைக்கு 6, அம்மாவுக்கு 30 என்று வைப்போம். "அம்மா அஞ்சு மடங்கு" என்று பிள்ளை சொல்லலாம். பிள்ளைக்கு 12 ஆகும்போது அம்மாவுக்கு 60 ஆகுமா? 36தானே. அப்படியென்றால் விதி பெருக்கல் இல்லை, 24ஐக் கூட்டுவது. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும், அம்மாவின் வயதைக் கேட்கக் கிடைக்கிறதே!

இனி, முதலில் சொன்ன சம்பந்தத்துக்கு வருகிறோம். செங்கலடியிலிருந்து வந்த பிறகு ஒரு தோட்டத்து லயத்தில் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைக் காட்டினோம். இரண்டு கிழமை கழித்து ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அம்மாவோடு வந்து ஒரு தாளை நீட்டியது. அம்மா கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டிய கிலோவையும், துண்டில் விழுந்த கிலோவையும் மனதில் வைத்து வந்து சொல்லியிருக்கிறார், பிள்ளை எழுதியிருக்கிறது. காலையில் 10, துண்டில் 9. பகலில் 7, துண்டில் 6. அந்தியில் 4, துண்டில் 3.

"பத்துக்கு ஒண்ணு கழிக்கிறாங்கன்னுதான் இவ்வளவு நாளும் நெனைச்சேன் ஐயா" என்றார் அந்த அம்மா. காலை நிறுவையை மட்டும் பார்த்தால் அது சரிதான், 10 போட்டால் 9. ஆனால் பத்தில் ஒன்று என்றால் 4 கிலோவுக்கு 400 கிராம்தானே கழிய வேண்டும்? முழுதாக 1 கிலோ கழிந்திருக்கிறது. விதி "பத்தில் ஒன்று" இல்லை, "ஒவ்வொரு நிறுவைக்கும் ஒன்று". 21 கிலோ எடுத்தவருக்கு 18 கிலோ. கொழுந்து குறைந்த நாளில் இந்த விதி ஆளை இன்னும் கூடக் கடிக்கும்.

தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினோம். சாக்கு நிறைக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறோம் என்றார்கள். மழை நாளில் அது நியாயம். அன்று நல்ல வெயில். வெறும் சாக்கை எல்லோர் முன்னும் தராசில் வைக்கச் சொன்னோம், அரைக் கிலோவுக்கும் குறைவு. கொஞ்சம் சத்தம் நடந்தது, அதை எழுத வேண்டாம். இப்போது வெயில் நாளில் அரைக் கிலோ கழிக்கிறார்கள். பழைய கிலோக்கள் திரும்பி வரவில்லை.

சம்பளத் துண்டிலும் இதே இரண்டு வகை விதிகள் இருக்கின்றன. சங்கச் சந்தா எவ்வளவு சம்பளம் எடுத்தாலும் ஒரே தொகை. சேமலாப நிதி அப்படி இல்லை. சட்டப்படி குறைந்தது நூற்றுக்கு 8 நம்மிடமிருந்து பிடிக்க வேண்டும், நூற்றுக்கு 12 தோட்டம் போட வேண்டும். சம்பளம் இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். பெரிய பிள்ளையிடம் மூன்று மாதத் துண்டைக் கொடுத்து, எது எந்த வகை என்று பிரிக்கச் சொல்லுங்கள்.

விளையாட்டு நன்றாகப் பழகிய பிறகு மெசினைத் திருப்பி ஓட விடலாம். இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டும் மெசினிலிருந்து 15 வந்திருக்கிறது, உள்ளே போனது எது? அவசரக்காரப் பிள்ளை முதலில் பாதியாக்கி ஏழரையில் மாட்டிக்கொள்ளும். கடைசியாகச் செய்ததை முதலில் கழற்ற வேண்டும். சேலைக்கு மேலே கட்டிய படங்கை அவிழ்க்காமல் சேலையை மாற்ற முடியுமா? ஒன்றைக் கழித்தால் 14, அதில் பாதி 7.

சின்னப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை, பொத்தான், தீக்குச்சி எது கிடைத்தாலும் போதும். முதலில் கூட்டல் மட்டும், எண் 10க்குள் இருக்கட்டும். பெட்டிக்குப் பின்னால் ஒரே பிள்ளையை எப்போதும் உட்கார வைக்காதீர்கள், மாற்றி மாற்றி உட்கார வையுங்கள். விதியைக் கண்டுபிடிப்பதை விட, ஒரு விதியை மனதில் வைத்து ஐந்து தரம் பிசகாமல் நடத்துவதுதான் கஷ்டம். செங்கலடிப் பையனே நாலாவது தரம் ஒன்றைக் கூட்ட மறந்து, தங்கச்சியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.