மின்காந்தத் துடிப்பும் பழைய புல்லட்டும்

சென்ற திங்கள் நமது சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, ஸ்ரீ சிட்டியில் இரவுப் பணி பார்க்கும் இளைஞர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். வானில் மிக உயரத்தில் அணுகுண்டு ஒன்று வெடித்தால், கீழே உள்ள மின்கருவிகளெல்லாம் ஒரே கணத்தில் செயலற்றுப் போகும் என்று ஏதோ ஒரு திரைப்படத்தில் கண்டாராம். “அப்படி ஒரு நாள் வந்தால் என் மோட்டார் சைக்கிள் கிளம்புமா? கும்மிடிப்பூண்டியில் தனியாக இருக்கும் அம்மாவிடம் நான் எப்படிப் போய்ச் சேர்வேன்?” என்றார். சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. குடும்பத்தை ஓரூரிலும் பிழைப்பை வேறோரூரிலும் வைத்திருப்போருக்கு, வண்டி கிளம்புமா என்பது வேடிக்கைக் கேள்வியன்று.

அவர் கண்டது முழுவதும் கற்பனையுமன்று. 1962-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், பசிபிக் பெருங்கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கர் 1.4 மெகாடன் ஆற்றலுள்ள குண்டொன்றை வெடித்துச் சோதித்தனர். அங்கிருந்து ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹவாய்த் தீவில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டை அறிவிக்கும் மணிகள் தாமே ஒலித்தன. அதே ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சோவியத் நாட்டினர் கஜகஸ்தானின் வானில் செய்த சோதனையில், 570 கிலோமீட்டர் நீளமுள்ள தொலைபேசிக் கம்பித் தடமொன்று பழுதுபட்டது.

இதன் காரணம் யாது? குண்டிலிருந்து வெளிப்படும் காமாக் கதிர்கள் மேல்வளியில் மோதி எலெக்ட்ரான்களைத் தெறிக்கச் செய்கின்றன. அவை பூமியின் காந்தப் புலத்தில் சிக்கித் திசை திரும்பும்போது, மிக வலிய ரேடியோ அலையொன்று பிறந்து நிலத்தை நோக்கிப் பாய்கின்றது. இதுவே மின்காந்தத் துடிப்பு. ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் அது உச்சத்தை எட்டிவிடும். அதன் வலிமை மீட்டருக்கு 50,000 வோல்ட் வரை செல்லலாம் என்று கணக்கிட்டிருக்கின்றனர். நீண்ட கம்பி எதுவாயினும் அதற்கு ஏரியல் போன்றது. ஆகவேதான் தொலைபேசித் தடமும் தெருவிளக்கு வரிசையும் முதலில் அடிபட்டன.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். திருவொற்றியூரில் செய்யப்பட்ட பழைய புல்லட்டை நம்மவருள் பலர் அறிவர். சிலர் தந்தையாரின் வண்டியை இன்னும் துடைத்து வைத்திருக்கின்றனர். அதில் பொறியை உண்டாக்கும் ஏற்பாடு மிக எளிது. ஒரு காயில், ஒரு கண்டென்சர், திறந்து மூடும் இரு உலோகப் பாயிண்ட்கள், ஒரு ஸ்பார்க் பிளக், அவ்வளவே. பழைய மொபெட்டுகளில் இன்னும் எளிது: சுழலும் சக்கரத்திலேயே காந்தங்களைப் பதித்திருப்பார்கள், உதைத்த மாத்திரத்தில் அதுவே மின்சாரம் தரும், பாட்டரிகூட வேண்டுவதில்லை. காயிலும் பிளக்கும் நாள்தோறும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தாங்கிப் பழகியவை. கணப்பொழுது வந்து மறையும் துடிப்பொன்று இரு உலோகத் துண்டுகளை என்ன செய்துவிடும்? மிஞ்சினால் கண்டென்சர் ஒன்று பழுதுபடலாம். அதை மாற்றக் கால் மணி நேரமும் ஒரு திருப்புளியும் போதும். இத்தகைய வண்டி பிழைக்கும் என்றே நாம் துணிந்து சொல்வோம்.

புதிய வண்டியின் நிலை வேறு. 2020 ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய பெட்ரோல் வண்டிகளில் கார்புரேட்டர் அநேகமாக மறைந்து, அளந்து பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டர் வந்துவிட்டது. சத்தியவேட்டை அடுத்த மாதனபாளையத்து ஹீரோ தொழிற்சாலையில் பணிபுரியும் அன்பர்கள் இதை நம்மைவிட நன்கு அறிவர். பெட்ரோல் எவ்வளவு, பொறி எப்போது என்று தீர்மானிப்பது உள்ளங்கையளவுப் பெட்டியிலுள்ள சிலிக்கன் சில்லு. ஐந்து வோல்ட் அளவில் வேலை செய்யும் அச்சில்லுக்குச் சில நூறு வோல்ட்டே கேடு செய்யப் போதும். காருக்கு இரும்புக் கூடு ஓரளவு கவசமாகும். மோட்டார் சைக்கிளுக்கோ அக்கூடும் இல்லை. ஆயினும் வண்டியின் கம்பிகள் ஓரிரு மீட்டர் நீளமே. அவை ஊர் மின்தடத்தோடு இணைந்தவையும் அல்ல. இவ்விரண்டும் அதற்கு ஆதரவானவை.

அமெரிக்கக் காங்கிரஸ் அமைத்த ஆணைக்குழு ஒன்று, 1986 முதல் 2002 வரை வெளிவந்த 37 கார்களைச் சோதனைக் கூடத்தில் செயற்கைத் துடிப்புக்கு உட்படுத்தி, 2008-இல் அறிக்கை வெளியிட்டது. ஓடிக்கொண்டிருந்த கார்களுள் மூன்று, மீட்டருக்கு 30,000 வோல்ட்டும் அதற்கு மேலும் எட்டியபோது நின்றன. மறுபடி முடுக்கியதும் கிளம்பின. நிறுத்தி வைத்திருந்தவற்றுக்கு ஊறு எதுவும் தோன்றவில்லை. சோதிக்கப்பட்டவை கார்களும் லாரிகளுமேயன்றி மோட்டார் சைக்கிள்கள் அல்ல, காலத்தாலும் முந்தியவை. எனினும், திரைப்படத்தில் காட்டுவதுபோல் சாலையிலுள்ள வண்டிகளெல்லாம் ஒருங்கே செத்து நிற்கும் என்பது மிகையே. புதிய வண்டியும் பெரும்பாலும் பிழைக்கும் என்பது நமது கருத்து. “கட்டாயம்” என்று சொல்ல மாட்டோம்.

இளைஞர் மற்றொன்றும் கேட்டார்: “சூரியப் புயலும் இப்படித்தானா?” அன்று, தம்பி! சூரியப் புயலில் மேற்சொன்ன மின்னல்வேகத் துடிப்பு இல்லை. பூமியின் காந்தப் புலத்தை அது மெல்ல அசைத்து, நெடுந்தூர மின்தடங்களில் தேவையற்ற மின்னோட்டத்தை எழுப்பும். 1989 மார்ச் 13-ஆம் நாள் கானடாவின் க்யூபெக் மாகாணத்தில் இவ்வாறு ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். மோட்டார் சைக்கிளை அது தொடுவதே இல்லை. இப்புயல்களை நோக்கவென்றே 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஆதித்யா எல்-1 புறப்பட்டது நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான்.

ஆக, வண்டி பிழைத்தது என்றே வைத்துக்கொள்வோம். பெட்ரோல் எங்கே? இங்குதான் இளைஞரின் வினாவில் மெய்யான முடிச்சு இருக்கிறது. பங்க்கில் நிலத்தடித் தொட்டியிலிருந்து பெட்ரோலை மேலேற்றுவது மின்மோட்டார். அளப்பது மின்னணுக் கருவி. பணம் செலுத்துவதோ இந்நாளில் கைப்பேசி. கையால் சுழற்றிப் பெட்ரோல் இறைத்த பம்புகள் எப்போதோ காட்சிப் பொருளாகிவிட்டன. துடிப்பு வந்து கெடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் கரையேறியபோது, சென்னையிலும் அதற்கு வடக்கேயும் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் இல்லை. புல்லட்டானாலும் புதிய வண்டியானாலும், தொட்டியில் இருந்த பெட்ரோல் எவ்வளவோ அவ்வளவு தூரமே போயிற்று.

லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் வண்டியில் ஐந்து லிட்டர் இருந்தால் 225 கிலோமீட்டர் செல்லலாம். ஸ்ரீ சிட்டியிலிருந்து சென்னை ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பாதித் தொட்டிக்குக் கீழே இறங்க விடாமல் நிரப்பிக்கொள்வதே இளைஞருக்கு நாம் சொன்ன வழி. விடுதி அறையில் கேனில் பெட்ரோல் வைக்கலாமா என்றார். கூடவே கூடாது என்று அடித்துச் சொன்னோம். துடிப்பு வருவதற்கு முன் தீ வந்துவிடும்!

இதை எழுதுமுன், தடா சாலையில் கடை வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரைக் கண்டு பேசினோம். மேசை இழுப்பறையைத் திறந்து, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பாயிண்ட் செட் இரண்டைக் காட்டினார். “இதைத் தேய்த்து இடைவெளி வைக்கத் தெரிந்த பையன்கள் இப்போது இல்லை ஐயா. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்கத்தான் தெரிகிறது” என்றார். நமது வேண்டுகோளுக்கு இசைந்து, வரும் இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்கக் கூடத்தின் முற்றத்தில் பழைய புல்லட் ஒன்றைப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். வினா எழுப்பிய இளைஞர் முதலாவதாகப் பெயர் கொடுத்துவிட்டார். பெண்மக்களும் தாராளமாக வரலாம். எண்ணெய்க் கறை படியுமாதலால் பழைய உடையில் வருதல் நலம்.