மந்தநிலையும் வரிக்குறைப்பும்: கடலூர், சிதம்பரம் வட்டாரங்களின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டறிவு

ஆய்வுச் சுருக்கம்

பொருளாதார மந்தநிலையில் வரியைக் குறைப்பது நன்மை தருமா, தீமை தருமா என்னும் வினா அண்மைக் காலத்தில் தோன்றியதன்று. 1825 முதல் 1854 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய நீண்ட மந்தநிலையில், தென்னார்க்காட்டு உழவர்களின் வாழ்வோடு பிணைந்த சிக்கலாகவே அது எழுந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட அம்மாவட்டத்தில் நிலத்தீர்வையும் சுங்கமும் குறைக்கப்பட்ட வரலாற்றையும், சிதம்பரம் பகுதிக்கு நீர் தந்த கீழணையின் பயனையும் ஒப்பிட்டு, வரிக்குறைப்பு எந்நிலையில் பயன் தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 2019ஆம் ஆண்டு இந்தியாவிலும் இலங்கையிலும் மேற்கொள்ளப்பட்ட வரிக்குறைப்புகளும் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மந்தநிலை, நிலத்தீர்வை, ரயத்துவாரி, வஜா, சுங்கம், கீழணை, தென்னார்க்காடு.

முன்னுரை

மந்தநிலை என்பது வாங்குவோர் குறைந்து, விலையும் விளைவிப்போர் வருவாயும் வேலைவாய்ப்பும் ஒன்றையொன்று கீழே இழுக்கும் நிலையாகும். அந்நிலையில் வரியைக் குறைத்தால் மக்கள் கையில் பணம் மிஞ்சும். அப்பணம் சந்தைக்கு வந்து தொழிலை உயிர்ப்பிக்கும் என்பது ஒரு தரப்பின் வாதம். அரசின் வருவாய் குறைந்தால் பொதுச்செலவு சுருங்கும் அல்லது கடன் பெருகும். இரண்டும் மந்தத்தை ஆழமாக்கும் என்பது மறுதரப்பின் வாதம். எந்த வரி, யாருக்குக் குறைக்கப்பட்டது, இழந்த வருவாய் எவ்வாறு ஈடுசெய்யப்பட்டது என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் இவ்வாதங்களை எடைபோட இயலாது. அவ்வினாக்களுக்கு விடை தேட இடந்தரும் களமாகத் தென்னார்க்காடு விளங்குகிறது. இன்றைய கடலூர் மாவட்டம் 1993இல் அதிலிருந்தே பிரிக்கப்பட்டது.

விலை வீழ்ச்சியும் நிலையான தீர்வையும்

1801இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. பின்னர் 1820இல் தாமஸ் மன்றோ சென்னை ஆளுநரானபோது ரயத்துவாரி முறை மாகாணத்தின் பொது வருவாய் முறையாக நிலைபெற்றது. நிலத்துக்குரிய தீர்வை பணமாகக் கணக்கிடப்பட்டது; உழவர் அதனைத் தவணைதோறும் நாணயமாகச் செலுத்த வேண்டியிருந்தது.

1820களின் நடுவிலிருந்து தானிய விலை தொடர்ந்து சரிந்தது. இக்காலப் பொருளாதார மந்தத்தை ஆராய்ந்து சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் பி. நடராசனும் 1936இல் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். பண்டமாகச் செலுத்தப்பட்ட வரி பணமாக மாறியதால் நாணயத்தின் தேவை பெருகியது. ஆயின் புழக்கத்தில் இருந்த நாணயம் அதற்கேற்பப் பெருகவில்லை. ஆங்கிலேய ஆலைத்துணியின் போட்டியால் நெசவாளர் வருவாய் இழந்தனர். 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தால் கம்பெனியின் வாணிகமே முடிவுற்றபோது, கடலூர் போன்ற கடற்கரை ஊர்களின் தறிகளுக்கு அதுகாறும் கிடைத்துவந்த கொள்முதலும் நின்றது.

பணத்தில் நிலையாக விதிக்கப்பட்ட தீர்வை இச்சூழலில் எவ்வாறு இயங்கியது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு நிலத்தின் தீர்வை 10 ரூபாய் எனவும், ஒரு கலம் நெல்லின் விலை 1 ரூபாய் எனவும் கொள்வோம். உழவர் 10 கலம் விற்றுத் தீர்வை செலுத்துவார். விலை அரை ரூபாயாகச் சரிந்தால் 20 கலம் விற்க வேண்டும். அரசு தீர்வையை ஒரு காசும் உயர்த்தவில்லை. எனினும் உழவரின் சுமை இருமடங்காகிறது. எல்லா உழவரும் ஒரே தவணைக்காக ஒரே காலத்தில் நெல்லைச் சந்தைக்குக் கொணர்வதால் விலை மேலும் சரிகிறது. வரியே மந்தத்தை வளர்க்கும் சூழல் இவ்வாறு உருவாயிற்று.

இச்சுமையின் கொடிய முகத்தை 1855இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை காட்டியது. தீர்வை வசூலிக்க விரல்களைக் கிட்டியில் இட்டு நெரித்தல், வெயிலில் குனிந்து நிற்க வைத்தல் போன்ற கொடுமைகள் மாகாணத்தில் வழங்கியதை அக்குழு உறுதிசெய்தது.

வஜாவும் நிலையான குறைப்பும்

அரசு சலுகையே காட்டவில்லை என்று கூறுவதற்கில்லை. ஆண்டுதோறும் நடைபெற்ற ஜமாபந்தியில், பயிர் பொய்த்த நிலங்களுக்கு வஜா எனப்பட்ட தள்ளுபடி வழங்கப்பட்டது. ஆயின் அது உரிமையாகக் கிடைத்ததன்று. கர்ணம் எழுதும் கணக்கையும் அலுவலர் மனப்போக்கையும் சார்ந்திருந்தமையால் கையூட்டுக்கு வழிவகுத்தது. அடுத்த ஆண்டு கிடைக்குமா என்பது தெரியாத சலுகையை நம்பித் தரிசைத் திருத்தவோ கிணறு வெட்டவோ உழவர் முன்வருதல் அரிது.

1850களின் நடுப்பகுதியில் தென்னார்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களில் தீர்வை விகிதமே குறைக்கப்பட்டது. 1855இல் மாகாணம் முழுவதையும் புதிதாக அளந்து, மிதமான தீர்வை விதிக்க அரசு முடிவுசெய்தது. இதனைத் தொடர்ந்து சாகுபடிப் பரப்பு விரிந்தது. ரயத்துவாரியில் கட்டுப்படியாகாத நிலத்தை உழவர் கைவிடலாம். உயர்ந்த தீர்வையால் அவ்வாறு கைவிடப்பட்ட நிலங்கள் தரிசாகக் கிடந்தன. விகிதம் குறைந்ததும் அவை மீண்டும் ஏருக்கு வந்தன. பரப்பு கூடுந்தோறும், விகிதக் குறைப்பால் நேர்ந்த இழப்பு ஈடாகும்.

எனினும் இவ்வளர்ச்சி முழுவதையும் வரிக்குறைப்பின் பயனாகக் கொள்ளுதல் பொருந்தாது. அதே ஆண்டுகளில் விலைகள் ஏறத்தொடங்கின; இருப்புப்பாதைப் பணிகளில் பணம் பாய்ந்தது; இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பகுதிக்கு 1856இல் தொடர்வண்டி ஓடியது. விலையேற்றம் விற்பனைக்கு வழி திறந்தது. தீர்வைக் குறைப்பு அவ்வழியில் உழவர் செல்வதற்கிருந்த தடையை நீக்கியது. சந்தையே இல்லாதபோது பின்னதன் பயன் சிறிதாகவே இருந்திருக்கும்.

சுங்க ஒழிப்பும் உப்பு விலையும்

உள்நாட்டில் சரக்கு கொண்டுசெல்வோரிடம் பெறப்பட்ட சுங்கம் சென்னை மாகாணத்தில் 1844இல் ஒழிக்கப்பட்டது. வழியெங்கும் சாவடிகளில் தடுக்கப்பட்டுவந்த வணிகர்க்கு இது பெரும் விடுதலையாயிற்று. ஆயின் இழந்த வருவாயை ஈடுசெய்ய, அரசின் தனியுரிமையாக இருந்த உப்பின் விலை உயர்த்தப்பட்டது. சுங்கம் பலவகைச் சரக்குகள் மீது பரவியிருந்தது. உப்போ கூலியாளும் நிலக்கிழாரும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணும் பொருள். ஆதலின் வருவாயில் உப்புக்கெனச் செல்லும் பங்கு ஏழைக்கே மிகுதி. ஒரு வரியைக் குறைத்து மற்றொன்றை உயர்த்தும்போது, குறைப்பின் பயனைப் பெற்றவரும் உயர்வின் சுமையைத் தாங்கியவரும் வேறு வேறு மக்களாகலாம் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

கீழணை: செலவின் பயன்

வரிக்குறைப்பைப் பொதுச்செலவோடு ஒப்பிடச் சிதம்பரம் பகுதி இடந்தருகிறது. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836இல் கீழணை கட்டப்பட்டது. அதிலிருந்து வடவாறு வீராணம் ஏரிக்கு நீர் கொண்டுசெல்கிறது. வடக்கு ராஜன் வாய்க்கால் கொள்ளிடத்தின் வடகரை வயல்களுக்குப் பாய்கிறது. மந்தம் நீடித்த காலத்திலேயே நிகழ்ந்த இச்செலவால் பாசனம் உறுதிப்பட்டது. விளைச்சலும் வருவாயும் உயர்ந்தன.

அணையால் ஆற்றுப்பாசனத்துக்குட்பட்ட நிலம் பயன்பெற்றது. மாவட்டத்தின் புன்செய் உழவருக்கு நேரடிப் பயன் இல்லை. அவர்க்குத் தீர்வைக் குறைப்பே துணையாக அமையக்கூடியது. ஆதலின் குறைப்பும் செலவும் ஒன்றுக்கொன்று மாற்று என்று கொள்வதினும், வெவ்வேறு குறைகளுக்கு உரிய மருந்துகள் என்று கொள்வதே பொருந்தும். அணைக்கும் வாய்க்காலுக்கும் ஒதுக்க வேண்டிய பணத்தை இழந்து செய்யும் குறைப்பு நன்செய் உழவருக்கு இழப்பாகவே முடியும்.

2019: இரு நாடுகள்

வளர்ச்சி தளர்ந்த நிலையில் 2019 செப்டம்பர் 20 அன்று இந்திய அரசு நிறுவன வரியைக் குறைத்தது. விலக்குகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு அடிப்படை விகிதம் 22 விழுக்காடாகவும், புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 விழுக்காடாகவும் ஆயிற்று. ஆண்டு இழப்பு 1.45 இலட்சம் கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. 2018–19இல் ஏறத்தாழ 6.63 இலட்சம் கோடியாக இருந்த நிறுவன வரி வருவாய், 2019–20இல் 5.57 இலட்சம் கோடியாகக் குறைந்தது. மிஞ்சிய பணம் புதிய முதலீட்டுக்கு மாறாகக் கடன் தீர்க்கவும் கையிருப்பைப் பெருக்கவுமே பயன்பட்டதாக ரிசர்வ் வங்கியின் 2019–20 ஆண்டறிக்கை குறிப்பிட்டது. வாங்குவோர் குறைந்த சந்தையில் ஆலையை விரிவாக்க முதலாளிக்குக் காரணமில்லை. தொடர்ந்து வந்த பெருந்தொற்று இதன் பிற்கால விளைவைத் தனித்து அளக்க இயலாததாக்கியது.

இலங்கையில் 2019 டிசம்பர் முதல் பெறுமதி சேர் வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 12 விழுக்காடாக இருந்த அரசின் வருவாய் அடுத்த ஆண்டு 9 விழுக்காட்டளவிற்குச் சரிந்தது. வெளிநாட்டுக் கடன், சுற்றுலா வீழ்ச்சி, 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத்தடை ஆகியனவும் சேர, 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை அந்நாடு நிறுத்தியது. அவ்வாண்டிலேயே வரி 12 ஆகவும் 15 ஆகவும், 2024இல் 18 ஆகவும் உயர்ந்தது. குறைப்பால் மக்கள் பெற்றதனைத்தும், விலையேற்றம் உச்சத்திலிருந்த வேளையில் திரும்பப் பெறப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, மந்தத்தை வரியே வளர்க்குமிடத்தில் குறைப்பு நேரடிப் பயன் தரும். தென்னார்க்காட்டு நிலத்தீர்வை இவ்வகையினது. இரண்டாவதாக, குறைப்பு உடனே செலவிடவோ உழவோ தொழில் செய்யவோ காத்திருப்போரைச் சென்றடைய வேண்டும்; ஆண்டுதோறும் மாறும் சலுகையினும் உறுதியான விகிதமே அவர்க்கு ஊக்கம் தரும். மூன்றாவதாக, இழந்த வருவாயை உப்பு போன்ற இன்றியமையாப் பொருளின் மீதோ, பாசனம் போன்ற பொதுப்பணியின் மீதோ, தாங்கவியலாக் கடனின் மீதோ ஏற்றுதல் கூடாது.

இன்றும் கடலூர் மீனவர், பண்ணுருட்டி முந்திரித் தொழிலாளர், சிதம்பரம் உழவர் ஆகியோருள் பெரும்பாலோர் வருமான வரி செலுத்துவோரல்லர். வாங்கும் பொருள்வழியே வரி செலுத்துபவர். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரிக் குறைப்பை அவர்கள் நிலையில் நின்று மதிப்பிட வேண்டுமாயின், கடைவிலை உண்மையில் குறைந்ததா, மாநிலத்தின் பங்கு குறைவதால் வாய்க்கால் தூர்வாரும் பணியும் மருத்துவமனையும் பாதிக்கப்பட்டனவா என்னும் இரண்டையும் ஒருசேர ஆராய்தல் வேண்டும்.